ஒரு சொட்டு ஒழுகாத அடைப்பு

இந்த வருஷத்தோடு சேற்றோட்டத்தின் கோர்ஸ் பொறுப்பை, அதாவது தடைப் பாதை போடுகிற வேலையை, இளைஞர்களிடம் ஒப்படைக்கிறேன். என்னிடம் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். சுவர் எத்தனை அடி, பள்ளம் எத்தனை அடி, எந்தத் தடையில் யாரை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் தனித் தாளில் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். இது வேறு குறிப்பு. யாரும் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் கொடுத்தால், நான் ஏதோ பெரிய சாதனை செய்து ஓய்வு பெறுகிறவன் மாதிரி ஆகிவிடும். அந்தப் பேரை வாங்கிக்கொண்டு போக எனக்குக் கூசுகிறது.

1. ஹாஜா பாய் காட்டிய வீடியோ

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பி.டி. உஸ்தாத். புதிதாகச் சேர்ந்த பையன்களை ஓடவிட்டு, தவழவிட்டு, சுவர் ஏறவிட்டுக் கத்துவதுதான் வேலை. ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு காரைக்காலுக்குத் திரும்பிய பிறகு கத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி மேரி ஒருத்திதான். அவளிடம் கத்தினால் சோறு கிடைக்காது.

அப்போதுதான் ஹாஜா பாய் கூப்பிட்டு அனுப்பினார். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நான் கடைக்குள் நுழைந்ததும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க ஹவில்தார். எல்லாம் பெரிய பெரிய ஆபீஸ்ல மேனேஜரு. வரிசையில நின்னு பேரு குடுத்துட்டு வந்து சேத்துல விழுந்து பொரள்றானுங்க.”

“எதுக்கு பாய்?”

“தருமத்துக்கு. அங்க ஆஸ்பத்திரிக்குச் செய்றாங்க. நாம ஒரு ஆம்புலன்சுக்குச் செய்வோம். நெடுங்காடு பக்கத்துல ஒரு பிரசவம்னா இன்னமும் ஆட்டோவுக்கு அலையுறாங்க. சேத்துக்கா நமக்குப் பஞ்சம்? கத்துறதுக்கு நீங்க இருக்கீங்க. இன்ஷா அல்லாஹ், செஞ்சிடுவோம்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. சுரக்குடிப் பக்கம் பாய்க்கு நாலு மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல், சும்மா கிடந்தது. அறுவடை முடிந்த மாசி மாதத்தில் அதில் கோர்ஸ் போட்டேன். ஆறடிச் சுவர், தாண்டிக் குதிக்க ஒன்பதடி அகலப் பள்ளம், கயிறு ஏற்றம், கம்பிக்கு அடியில் தவழ்வது. டயர் தடைக்கு, கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற ஓடுகிற லாரிகளின் பழைய டயர்களை வாங்கி வந்து அடுக்கினேன். கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைப் பனியனோடு உள்ளே போனவர்கள் எல்லாரும் கரி மூட்டை தூக்கியவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். பெண்டாட்டியே புருஷனை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் சேறு மட்டும் தேறவில்லை. காய்ந்து கிடந்த நிலத்தில் டேங்கரில் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியும் மேலே வழுக்கலாகவும் அடியில் பாறையாகவும் இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் வழுக்கி விழுந்து கையைச் சுளுக்கிக்கொண்டார். அவர் போகும்போது என்னிடம், “இதுக்குப் பேரு சேறாங்க? எங்க வீட்டுக் குழாயடியில இதவிட நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் என் கோர்ஸைப் பற்றி ஒருத்தனும் அப்படிச் சொன்னதில்லை. அது எனக்கு உறைத்தது, தேவைக்கு மேலேயே உறைத்துவிட்டது.

அடுத்த வருஷம் ஓட்டத்தை ஆவணிக்கு மாற்றினோம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ததும்பிக்கொண்டிருந்தது. உழுது கலக்கினால் முழங்கால் வரை சேறு. இந்தத் தடவை வேறு பிரச்சினை. டவுன் ஆட்கள் இறங்கினார்கள், ஏறத் தெரியவில்லை. காலை நேராகப் பிடித்து இழுக்க இழுக்கச் சேறு இன்னும் இறுக்கியது. பத்துப் பதினைந்து பேர் நட்ட கம்பம் மாதிரி நடுவில் நிற்கிறார்கள். நான் விசிலை ஊதிக்கொண்டு, “ஏறு! ஏறு!” என்று கத்துகிறேன்.

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே, “விசில் ஊதுனா கால் வருங்களா சார்? குதிகாலத் திருப்பி எடுக்கச் சொல்லுங்க” என்றார். சொன்னதோடு நிற்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொருவராக வெளியே எடுத்துவிட்டார்.

அவர்தான் வசந்தா. பாயின் நிலத்துக்குக் கீழே, அதே சின்ன வாய்க்காலின் கடைசியில், மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். நடவுக் காலத்தில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மற்றவர்கள் வயலுக்கும் போவார். பாய் அங்கேயே அந்தப் பெண்களை எங்கள் ‘மீட்புப் படை’யாக நியமித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் சேற்றுத் தடையில் அவர்கள் நின்றார்கள். சேற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அந்த நன்றியை நான் எப்படிக் காட்டினேன் என்பதுதான் இனி.

2. செவ்வாய்க்கிழமை அடைப்பு

மூன்றாவது வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம். வந்த தண்ணீரும் முறைத் தண்ணீர்தான். ஐந்து நாள் வாய்க்காலில் வரும், ஐந்து நாள் நிற்கும். எங்கள் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் வருகிற முறை செவ்வாய்க்கிழமை ஆரம்பித்துச் சனிக்கிழமை முடிகிறது. இருநூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த வருஷக் கூட்டத்தை நம்பித்தான் ஆம்புலன்ஸ் இருந்தது. சேறு சரியில்லை என்று இன்னொரு தடவை யாராவது சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்றும் இருந்தது. இதில் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால், இப்போது மறைக்காமல் சொல்கிறேன், இரண்டாவதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. நிறைய இல்லை, கணுக்கால் நனைகிற அளவு. பாயின் நிலத்துக்குள் திருப்ப வேண்டுமென்றால் வாய்க்காலை மறித்தால்தான் மட்டம் ஏறும். நான் மணல் மூட்டை கொண்டுபோயிருந்தேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறைப்படி செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்கி, இடுக்கில் களிமண் வைத்து, முன்பக்கம் தார்ப்பாயை விரித்துச் செருகினேன்.

சேறடிக்க வந்திருந்த டிராக்டர் டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சார் தார்ப்பாய்? நாலு கட்டு வைக்கோலையும் சேத்தையும் வச்சு அடைச்சாப் போதுமே” என்றார்.

“அது ஒழுகுமே?”

“ஒழுகட்டுமே சார்.”

சோம்பேறித்தனத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். “எங்க சர்வீஸ்ல ஒழுகினா அதுக்குப் பேரு அடைப்பு இல்லப்பா” என்று பெருமையாக ஒரு போடு போட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். நான் அடைப்புக்குக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்துப் பாய்க்கு அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் கீழே நடந்திருந்தால் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பேன். நடக்கவில்லை.

அடைப்புக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் போர் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் தண்ணீர் நிலைக்கட்டும் என்று விதைக்காமல் காத்திருந்தார்கள். முன் முறைத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் போட்டிருந்தது வசந்தா ஒருவர்தான். ஒரு வாரத்துப் பயிர். இந்த முறைத் தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் அந்த வருஷச் சம்பா அவருக்கு இல்லை.

3. “மேல தண்ணி வருதுங்களா?”

வியாழக்கிழமை காலையில் வசந்தா வந்தார். நான் சுவருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அடைப்பு இருந்த இடம் கோர்ஸுக்கு அந்தப் பக்கம், கட்டியிருந்த பேனருக்குப் பின்னால். அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

“சார், மேல தண்ணி வருதுங்களா? எங்க பக்கம் செவ்வாக்கெழமையிலேருந்து ஒரு சொட்டு இல்லீங்க. நாத்தங்கால் வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு.”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ‘வருது, நான் அடைச்சிருக்கேன்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் பாதியைத் திறக்கச் சொல்லியிருப்பார். நானும் திறந்திருப்பேன். எனக்கு வாயில் வந்தது வேறு.

“மேலயே வரலம்மா. முறை தள்ளிப்போச்சு போலிருக்கு.”

அவர் சேற்று வயலைப் பார்த்தார். அங்கே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது.

“இது?”

“டேங்கர்ம்மா. போர் தண்ணி.”

“அப்படிங்களா? அப்ப சரிங்க சார்” என்றார்.

நம்பிவிட்டார். கடைமடையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது புதுச் செய்தி இல்லை. சொன்னவன் மிலிட்டரிக்காரன். மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் மறுபடியும் ஆணி அடித்தேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். நடுங்கவில்லை, ஒழுங்காகத்தான் அடித்தேன்.

வெள்ளிக்கிழமையே வேண்டிய சேறு சேர்ந்துவிட்டது. அன்றைக்காவது மூட்டைகளைப் பிரித்திருக்கலாம். ஒன்பதடிப் பள்ளமும் விளிம்பு வரை நிறைந்தால் படத்தில் நன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பகலில் வசந்தாவும் அவர் மருமகளும் சாலையோரக் கைப்பம்பிலிருந்து தண்ணீர் சுமந்ததைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஒற்றையடி வரப்பில் வேகமாகப் போனார்கள், குடம் அசையவில்லை. நாற்றங்காலில் ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடினார்கள். நான் எத்தனை தடவை போனார்கள் என்று எண்ணவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: என்ன பாலன்ஸ்! பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசித் தடை என்று போட்டு, ‘குடம் தூக்கி வரப்பு ஓட்டம்’ என்று எழுதினேன். சாயங்காலமே பாயிடம் சொல்லி நாற்பது பிளாஸ்டிக் குடம் வரவழைத்தேன். “அடடா, நம்ம மண்ணுக்குன்னே செஞ்ச தடை ஹவில்தார்!” என்று பாய் மெச்சினார். நானும் மெச்சிக்கொண்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு என் மேல் கோபம் வந்தால் நியாயம்தான். எனக்கே அந்த நோட்டைத் திறக்கப் பிடிப்பதில்லை.

4. கெண்டைக் குஞ்சு

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் என் விசிலுக்கு ஓடியது. சேறு முழங்காலுக்கு மேல், வெண்ணெய் மாதிரி. ஒருத்தருக்கும் சுளுக்குக்கூட இல்லை. வசந்தாவும் அவர் ஆட்களும் சொன்னபடி காலையிலேயே வந்து சேற்றில் நின்றார்கள். நாற்று காய்ந்துகொண்டிருக்கிற நேரத்தில், கொடுத்த வாக்குக்காக வந்து நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சேற்றிலிருந்து ஏறிய ஒரு கல்லூரிப் பெண் திடீரென்று வீல் என்று கத்தினாள். பனியனுக்குள் ஏதோ துள்ளுகிறதாம். உதறினாள், வரப்பில் விழுந்தது. விரல் நீளக் கெண்டைக் குஞ்சு. எல்லாரும் சிரித்தார்கள், ஒருவன் அதைப் படம் எடுத்தான்.

வசந்தா சிரிக்கவில்லை. குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனர் கட்டியிருந்த பக்கம் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில்தான் கேட்டார்.

“போர் தண்ணியில கெண்டக் குஞ்சு வருங்களா சார்?”

நான் சொன்ன பதிலை எழுத வேண்டும். இதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

“ஓரமா நில்லும்மா, ஆளு வருது” என்றேன்.

அவர் ஓரமாக நின்றார். அந்தக் குஞ்சைப் பள்ளத்துத் தண்ணீரில் விட்டார். பிறகு மறுபடியும் சேற்றில் இறங்கி, அடுத்து மாட்டிக்கொண்டவருக்குக் கை கொடுத்தார். கடைசி ஆள் ஏறும் வரை நின்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து கடைசித் தடை நன்றாகத் தெரியும். டவுன் ஆட்கள் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்ப, கும்மாளமாக வரப்பில் ஓடினார்கள். முடிக்கோட்டைத் தாண்டியதும் மிச்சத் தண்ணீரைத் தலையிலும் தரையிலும் ஊற்றிக் கூச்சல் போட்டார்கள். நாற்பது குடமும் திரும்பத் திரும்ப நிரம்பி, திரும்பத் திரும்பக் கொட்டியது. நான் அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வசந்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

5. திங்கட்கிழமை

மறுநாள் காலையில் நாற்றங்காலுக்குப் போனேன். அன்றுதான் முதல் தடவையாக அந்த வாய்க்காலோடு கீழே நடந்தேன். முழுதாக இருநூறு அடிகூட இல்லை. பச்சையாக இருக்க வேண்டிய இடம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. கை விட்டால் விரல் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. ஒரு மூலையில் மட்டும், குடத்துத் தண்ணீர் எட்டிய இடத்தில், ஒரு கோரைப்பாய் அளவுக்குப் பச்சை இருந்தது.

வசந்தா அங்கேதான் இருந்தார்.

“நான்தாம்மா அடைச்சேன்” என்றேன்.

“தெரியும் சார். நேத்து ஓட்டம் முடிஞ்சதும் போய்ப் பார்த்தேன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

“அடைச்சது தப்பில்லீங்க. மொறத் தண்ணி கொறஞ்சா நாங்களும்தான் அடைப்போம். வைக்கோலையும் சேத்தையும் வச்சு அடைப்போம், அது ஒழுகும். ஒழுகணும் சார். கீழ நாத்து விட்டவ ஒருத்தி இருப்பால்ல? அவளுக்கு அந்தக் கசிவு போதும், அடுத்த மொறை வரைக்கும் உசுரு நிக்கும். எங்க ஊர்ல கொலை பண்ற அளவுக்குச் சண்டை போட்டவன்கூடக் கசிவு விட்டுத்தான் அடைப்பான். நீங்க தார்ப்பாயில்ல போட்டிருக்கீங்க.”

அவர் குனிந்து, காய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

“அதுகூட உங்களுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கலாம். வந்து கேட்டேனே சார். அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அதற்கும் அவர் வழி விடவில்லை.

பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லாவிலிருந்து எழுந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். “தருமம்னு பேரு வச்சு ஹராமான தண்ணியில ஓட விட்டுட்டோமே ஹவில்தார்” என்றார். அன்றே இருவரும் நெடுங்காடு வரை வீடு வீடாக நாற்று கேட்டு அலைந்தோம். தாமதமான வருஷம், யாரிடமும் உபரி இல்லை. வசந்தா அடுத்த முறைத் தண்ணீரில் நேரடியாக விதை தெளித்தார். பயிர் தலை தூக்குவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குட்டைப் பயிர் தண்ணீருக்குள் நின்று அழுகியது. தையில் அவர் அறுத்ததில் பாதிக்கு மேல் பதர். அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டில் ரேஷன் அரிசிதான் என்று அவர் மருமகள் மேரியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். இத்தனை பேர் ஓடி ஒருவருக்குக்கூடக் காயமில்லை என்று மேடையில் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். பாய் மட்டும் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை பீரோவில் இருக்கிறது. மேரி ஒரு தடவை அதை எடுத்துக் கட்டிலில் விரித்தாள், பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். ஏன் என்று அவளுக்கும் இதைப் படித்தால்தான் தெரியும்.

6. உங்களுக்கு

இப்போது ஓட்டம் வாய்க்கால் தண்ணீரைத் தொடுவதில்லை. பங்குனியில் குளம் வற்றும்போது ஓரத்தில் கிடைக்கிற சேற்றில் நடத்துகிறோம். வெண்ணெய் மாதிரி இருக்காது, நாற்றமும் உண்டு. யாராவது குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். குடம் தூக்கும் தடையை எடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். அதுதான் எல்லாருக்கும் பிடித்த தடை, பேனரிலேயே அதன் படம்தான் என்று கமிட்டியில் மறுத்துவிடுகிறார்கள். காரணத்தை நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நல்ல காரியம் என்று கிளம்புகிறபோது, நாம் எதை மறிக்கிறோமோ அதற்குக் கீழே முதலில் நடந்து போய்ப் பாருங்கள். கீழே இருந்து யாராவது வந்து கேட்டால், அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நான் தார்ப்பாய் போட்டு அடைத்த வருஷத்துக்கு அடுத்த ஆவணியில், பாயின் நிலத்தில் இருந்த ஒன்பதடிப் பள்ளத்தை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வசந்தா வரப்பில் வந்து நின்றார். அந்த வருஷமும் நாற்றங்கால் போட்டிருந்தார்.

“சார், மேல தண்ணி வருதுங்களா?” என்று கேட்டார். அதே வார்த்தைகள், அதே மரியாதை.

“வருதும்மா. அடைப்பு ஒண்ணும் இல்ல. உங்க பக்கம் இப்ப வந்துரும்” என்றேன்.

“சரிங்க சார்” என்றார். சொல்லிவிட்டு என்னைத் தாண்டி, வாய்க்காலோடு மேலே நடந்து, முன்பு நான் மூட்டை அடுக்கிய இடம் வரைக்கும் போய், குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.